காடை வேறு, கவுதாரி வேறு

(பழவங்காடியில் தமிழ் கற்கும் பெரியவர்கள் கூடியபோது ஒரு தொண்டர் பேசியது)

எல்லாரும் உட்காருங்கள். வாசலில் நிற்கிற அண்ணாச்சி, உள்ளே வாருங்கள். பாயில் இடம் இருக்கிறது.

போன வாரம் பூக்கட்டும் அக்கா ஒரு கேள்வி கேட்டார். அவர் நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போயிருக்கிறார். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் பலகையை எழுத்துக் கூட்டி அவரே வாசித்திருக்கிறார். முதல் தடவையாக ஓடுகிற பேருந்திலிருந்து ஒரு பலகையை முழுசாக வாசித்தாராம். "காடை, கவுதாரி கிடைக்கும்" என்று அதில் எழுதியிருந்தது. "இரண்டும் ஒன்றுதானே? பிறகு ஏன் இரண்டு பெயர்?" இதுதான் அவருடைய கேள்வி.

அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்த வாரம் படித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் எனக்கே தெரிந்த கதையும் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

இரண்டும் ஒன்றல்ல. காடை வேறு. கவுதாரி வேறு.

ஆனால் குழப்பம் வருவது இயற்கைதான். இரண்டும் தரையில் வாழ்கிற பறவைகள். இரண்டும் மண்ணின் நிறத்தில் இருக்கும். இரண்டும் கோழிக்குச் சொந்தம். தரையைக் கிளறித் தின்னும். தரையிலேயே முட்டை இடும். குஞ்சு பொரித்த அன்றைக்கே தாயின் பின்னால் ஓடும். காகக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு கூட்டில் கிடக்காது.

முதலில் அளவைப் பார்ப்போம். உங்கள் கையை மூடுங்கள். காட்டுக் காடை ஏறக்குறைய அந்த அளவுதான். நூறு கிராம் இருந்தால் பெரிது. மழைக் காடை என்று ஒரு வகை உண்டு. அது நூறு கிராம்கூட வராது. கவுதாரி அப்படியில்லை. கால் கிலோவும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் இருக்கும். ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். நாட்டுக்கோழியின் வளர்ந்த குஞ்சு மாதிரி இருக்கும்.

அடுத்து வால். காடைக்கு வால் இருப்பதே தெரியாது. பின்பக்கம் உருண்டையாக இருக்கும். கவுதாரிக்குக் குட்டை வால் உண்டு. அது பறக்கும்போது வாலின் ஓரத்தில் செங்கல் நிறம் தெரியும். தொண்டையில் மங்கலான மஞ்சள் இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். மை தீட்டியது மாதிரி. உடம்பு முழுக்கக் குறுக்குக் குறுக்காக வரிகள். சேவலின் காலைத் தொட்டுப் பார்த்தால் முள் இருக்கும். காடையின் காலில் முள் கிடையாது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். இவற்றைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. காடை ஊர் சுற்றும். கவுதாரி வீட்டோடு இருக்கும்.

மழைக் காடைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மழை எங்கே பெய்து புல் முளைக்கிறதோ, அங்கே போய்ச் சேரும். மழை தீர்ந்தால் வேறு இடம் தேடும். இன்னொரு காடை குளிர்காலத்தில் நமது நாட்டுக்கு வெளியிலிருந்தும் வருகிறது. கைப்பிடி அளவு பறவை மலைகளைத் தாண்டி வருகிறது என்றால் நம்ப முடிகிறதா? ஐரோப்பாவில் வாழ்கிற காடைகள் குளிருக்கு முன்னால் மத்திய தரைக்கடலையே தாண்டும். கடலைக் கடந்து எகிப்துக் கரையில் களைத்து விழும்போது அங்கே வலை கட்டிப் பிடிப்பார்கள். நம்மில் வேதாகமம் வாசிப்பவர்கள் இருக்கிறீர்கள். மோசேயின் ஜனங்கள் வனாந்தரத்தில் இருந்தபோது பாளையத்தில் வந்து இறங்கிய பறவை எது? காடைதான். தமிழ் வேதாகமத்திலும் காடை என்றே அச்சாகியிருக்கிறது. இன்றைக்கு வீட்டுக்குப் போய் யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அந்தச் சொல்லை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கவுதாரி அப்படி எங்கும் போகாது. பிறந்த காட்டிலேயே வாழும். ஒரு முள்வேலி, ஒரு ஓடைக்கரை, பக்கத்தில் கம்போ உளுந்தோ விதைத்த நிலம். அது போதும். தாய், தகப்பன், பிள்ளைகள் என்று நாலைந்து பறவைகள் ஒன்றாக மேயும். ஆள் வந்தால் உடனே பறக்காது. ஓடும். ரொம்பக் கிட்டே போனால்தான் 'விர்'ரென்று எழும்பும். கொஞ்ச தூரத்தில் இறங்கி மறுபடி ஓடும். இராத்திரி முள்மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி உறங்கும்.

இதை மனதில் வையுங்கள். ஒரு வேலியில் இருக்கும் கவுதாரிகளை ஒருவர் பிடித்துவிட்டால் அந்த வேலியே காலி. மழை வந்தாலும் வெளியூரிலிருந்து கூட்டமாக வந்து நிரப்பாது.

இங்கே பழவங்காடியில் கவுதாரியின் குரல் ஏன் கேட்பதில்லை? நகரம் என்பதால் மட்டும் இல்லை. கரமனை தாண்டி, பாலராமபுரம் தாண்டிப் போனாலும் கேட்காது. இந்தப் பக்கம் மழை அதிகம். எங்கும் பச்சை. கவுதாரிக்குக் காய்ந்த நிலம் வேண்டும். தம்பானூரில் பேருந்து ஏறி நாகர்கோவில் போய், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டுங்கள். அரைமணி நேரத்துக்குள் பூமியின் நிறமே மாறிவிடும். தென்னையும் வாழையும் பின்னால் போய்விடும். பனையும் உடைமரமும் முன்னால் வரும். காற்றாலைகள் சுற்றும். அந்தப் பக்கம்தான் கவுதாரியின் ராஜ்ஜியம். கேரளத்திலும் மலைகளுக்குக் கிழக்கே மழை குறைந்த இடங்களில் அது உண்டு. சின்னாறு அப்படி ஒரு இடம். 1933-ல் சாலிம் அலி என்ற பறவை அறிஞர் திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் ஊர் ஊராகச் சுற்றிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். எந்தப் பறவைக்கு எந்த நிலம் என்பதை அப்படி நடந்து பார்த்துத்தான் எழுதினார்.

பெயரைப் பற்றியும் ஒரு விஷயம். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கவுதாரியின் பெயரில் பாண்டிச்சேரி இருக்கிறது. மழைக் காடையின் பெயரில் கோரமண்டல் இருக்கிறது. கோரமண்டல் என்பது நமது சோழமண்டலக் கரைதான். இரண்டு பெயர்களும் 1789-ல் வைத்தவை. நமது பழந்தமிழில் காடைக்குக் குறும்பூழ் என்று பெயர். கவுதாரிக்குச் சிவல் என்று பெயர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே நம்மவர்கள் இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் ஒரே பலகையில் சேர்த்துவிட்டோம்.

இடையில் ஒரு வேடிக்கை. மரச்சீனித் தோட்டத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் காடை மாதிரியே ஒரு பறவை ஓடும். பலர் அதையும் காடை என்பார்கள். அது காடையே இல்லை. காலில் பின்விரல் கிடையாது. முன்னால் மூன்று விரல்தான். அந்த இனத்தில் பெண்தான் பெரிது, பெண்ணுக்குத்தான் அழகான நிறம். பெண்தான் கூவி ஆணை அழைக்கும். முட்டை இட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை. மலையாளத்தில் அதற்குப் பாஞ்சாலிக் காடை என்று பெயர். அக்காமார் சிரிக்கிறீர்கள். அண்ணாச்சிமார் ஒருவரும் சிரிக்கவில்லை!

சரி. இனி நமது ஊர்க் கடைகளில் கிடைக்கும் காடைக்கு வருவோம். அது காட்டுக் காடை இல்லை. ஜப்பான் காடை. ஜப்பானில் மனிதர்கள் பல தலைமுறைகளாகக் கூண்டில் வளர்த்துப் பழக்கிய பறவை. 1974-ல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் இஸத்நகர் என்ற இடத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் வளர்த்தார்கள். பிறகு சென்னை நந்தனத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நமது வெயிலுக்குத் தக்கபடி ஒரு வகையை உருவாக்கினார்கள். அதற்கு நந்தனம் காடை என்றே பெயர்.

இந்தக் காடை ஐந்து வாரத்தில் கறிக்குத் தயார். ஆறு ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். ஆனால் கூண்டிலேயே வாழ்ந்து வாழ்ந்து அடைகாப்பதை மறந்துவிட்டது. முட்டையை இயந்திரத்தில் வைத்துத்தான் பொரிக்க வேண்டும். பதினேழு பதினெட்டு நாளில் குஞ்சு வரும். மூன்று வாரம் ஆனதும் நெஞ்சைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். ஆணின் நெஞ்சு புள்ளியில்லாமல் செம்பழுப்பாக இருக்கும். பெண்ணின் நெஞ்சில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். நம் அக்கா ஒருவர் வீட்டு மாடியில் காடை வளர்க்க ஆசைப்படுகிறார். அவருக்கு இது உதவும்.

காடை முட்டையைப் பற்றி இங்கே ஒரு பேச்சு உண்டு. ஆயிரம் கோழிக்கு அரைக் காடை என்று மலையாளத்தில் சொல்வார்கள். இதைச் சொல்லியே முட்டை விற்கிறார்கள். போன மாதம் நாம் தராசில் போட்டுப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? ஒரு தட்டில் ஒரு கோழிமுட்டை. மறு தட்டில் காடை முட்டைகள். எத்தனை வைத்ததும் முள் நேராக நின்றது? ஐந்து. ஒரு காடை முட்டை ஏறக்குறைய பத்து கிராம். கோழிமுட்டை ஏறக்குறைய ஐம்பது கிராம். உள்ளே இருக்கும் புரதமும் ஏறக்குறைய அதே கணக்குதான். காடை முட்டை நல்ல உணவு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஐந்து காடை முட்டையின் விலையையும் ஒரு கோழிமுட்டையின் விலையையும் எழுதிக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். நம் சாலைக் கம்போளத்திலேயே இரண்டு விலையும் தெரிந்துவிடும்.

கவுதாரி அப்படிக் கடைக்கு வருகிற பறவை இல்லை. பலகையில் கவுதாரி என்று எழுதியிருந்தால் இரண்டில் ஒன்றுதான். காட்டில் பிடித்த கவுதாரியாக இருக்கும். இல்லையென்றால் பண்ணைக் காடையைக் கவுதாரி என்று பெயர் மாற்றிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். முதலாவது சட்டப்படி குற்றம். இரண்டாவது நம்மை ஏமாற்றுவது.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கவுதாரியும் காட்டுக் காடைகளும் அதன் பாதுகாப்பில் இருக்கின்றன. பிடிக்கக் கூடாது. விற்கக் கூடாது. வாங்கக் கூடாது. வீட்டில் வளர்க்கவும் கூடாது. அந்தச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டது. இப்போது மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பண்ணைக் காடைக்கும் நடுவில் ஒரு சங்கடம் வந்தது. 2011-ல் புதிய பண்ணைகளுக்கு உரிமம் கொடுக்க வேண்டாம் என்று மத்திய அரசு சொன்னது. காடைப் பண்ணைக்காரர்கள் தவித்துப் போனார்கள். பிறகு அந்தத் தடை விலகியது. ஆகவே பண்ணைக் காடையைத் தயங்காமல் சாப்பிடலாம்.

இந்தச் சட்டத்தால் பிழைப்புப் போனவர்களும் உண்டு. நரிக்குறவர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணி வைத்துக் காடையும் கவுதாரியும் பிடித்துச் சந்தையில் விற்றவர்கள். வேட்டை கூடாது என்றதும் ஊசியும் பாசியும் விற்கப் போனார்கள். பறவையைக் காப்பாற்றியது சரி. அந்த மக்களுக்கு வேறு தொழிலை உடனே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2023 வரை ஆனது.

இனி என் மாமாவின் கதை.

என் அம்மாவின் ஊர் பணகுடிப் பக்கம். அம்மாவின் தம்பிக்குப் படிப்பு இல்லை. ஆடு மேய்த்தார். பிறகு செங்கல் சூளைக்குப் போனார். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, சந்தையிலிருந்து ஒரு பறவையைக் கூண்டோடு வாங்கி வந்தார். மூங்கில் கூண்டு. மேலே ஒரு பழைய துணி. அவர் அதைத் தின்ன வாங்கவில்லை. குரலுக்காக வாங்கினார். விடியற்காலையில் துணியை எடுத்தால் அது கூவும். "பட்டீலா, பட்டீலா" என்று தெரு முழுக்கக் கேட்கும். தூரத்தில் ஓடைக்கரையிலிருந்து இன்னொன்று பதில் கூவும். நான் புற்றைக் கிளறிக் கரையான் எடுத்து வந்து போடுவேன். என் கையிலேயே கொத்தித் தின்னும்.

விற்றவன் மாமாவிடம் என்ன சொன்னான் தெரியுமா? "இது காடை இனம். பண்ணையில் பொரித்தது. கேஸ் எதுவும் வராது. யாராவது கேட்டால் இந்தச் சீட்டைக் காட்டுங்கள்." ஒரு சீட்டையும் கொடுத்தான். மாமா அதை நான்காக மடித்து டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

நாலைந்து மாதம் கழிந்தது. ஒரு நாள் காக்கி உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். குரலைக் கேட்டு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இது கவுதாரி அல்லவா?" என்று கேட்டார்கள். மாமா பயப்படவே இல்லை. "இல்லை ஐயா, காடை. சீட்டு இருக்கிறது" என்று பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். வந்தவர் வாங்கி வாசித்தார். பிறகு சத்தமாகவும் வாசித்தார்.

"காடைத் தீவனம், இரண்டு கிலோ."

அவ்வளவுதான். ஏதோ ஒரு தீவனக் கடையின் பழைய ரசீது. வந்தவர்கள் சிரித்தார்கள். வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எல்லாரும் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் சிரித்த அந்தச் சிரிப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தச் சீட்டு நாலைந்து மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு. எனக்கு வாசிக்கத் தெரியும். ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல மாமாவுக்குத் தோன்றவில்லை. அதை எடுத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

வந்தவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் வேலையைச் செய்தார்கள். ஒரு தாளை எழுதி நீட்டினார்கள். மாமா கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் கேட்கவில்லை. வழக்கு பெரிதாகாமல் பணம் கட்டி மீண்டார். அதற்காக ஒரு கன்றுக்குட்டியை விற்றார். கவுதாரியை ஓடைக்கரைக்குக் கொண்டுபோய்க் கூண்டைத் திறந்து விட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன். பறந்து போகும் என்று நினைத்தேன். அது பறக்கவில்லை. நின்று ஒரு தடவை பார்த்தது. பிறகு உடைமரத்தின் அடியில் ஓடி மறைந்துவிட்டது.

அந்தப் பறவை எப்படி அகப்பட்டிருக்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பழகிய சேவல் ஒன்றைக் கூண்டில் வைத்துக் காட்டில் வைப்பார்கள். அது கூவும். "என் எல்லைக்குள் யார் வந்தது?" என்று அந்தக் காட்டுக் கவுதாரி கோபத்தோடு ஓடி வரும். சுற்றி வைத்த கண்ணியில் கால் மாட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பறவை தினமும் கூவியதும், ஓடைக்கரையிலிருந்து இன்னொன்று பதில் சொன்னதும் பாட்டு என்று நாங்கள் நினைத்தோம். அது சண்டைக்கு அழைப்பு.

மாமாவுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். நான் இந்த வேலைக்கு வந்த பிறகு, விடுமுறையில் போகும்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்தேன். பேருந்துப் பெயர் வாசிப்பார். கையெழுத்துப் போடுவார். கூட்டெழுத்து வந்தால் இன்னும் தடுமாறுவார். 'க்கு' என்பதை 'கு' என்றே வாசிப்பார். யாராவது ஒரு தாளை நீட்டினால் மட்டும் முதலில் அதை எங்களில் ஒருவரிடம் கொடுப்பார். பிறகுதான் பேனாவை எடுப்பார்.

ஓடைக்கரை இப்போது பாதிதான் இருக்கிறது. மீதியை மனைகளாகப் போட்டுக் கல் ஊன்றிவிட்டார்கள். முள்வேலி இருந்த இடத்தில் காம்பவுண்டு சுவர் வந்துவிட்டது. சுவரில் கவுதாரி முட்டையிட முடியாது. ஆனாலும் மிச்சம் இருக்கிற பக்கத்தில் இன்னும் உண்டு. போன தடவை ஊருக்குப் போனபோது விடியற்காலையில் மாமா என்னை எழுப்பினார். நான் கைபேசியில் அந்தச் சத்தத்தைப் பிடித்து வந்திருக்கிறேன்.

பூக்கடை அக்கா, மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். வெளியே பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் ஓயட்டும்.

இப்போது கேளுங்கள். முதலில் ஒன்று கூவும். கொஞ்சம் பொறுத்து, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்லும்.